‘வயது 18 முதல் 25 வரை’: தொழிற்சாலை ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் இயங்கும் தொழிற்சாலைகளின் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கும், அவர்களுக்கு ஆள் எடுத்துத் தரும் கான்ட்ராக்ட் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. இருபது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் கம்பெனி பஸ்கள் விடியற்காலை இருட்டோடு எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் வந்து நிற்கும். அதில் ஏறுகிற பெண்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுடைய சம்பளத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ கூரை வீடுகள் தளம் போட்ட வீடாகியிருக்கின்றன, தம்பிமார்கள் இன்ஜினியரிங் படித்திருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கூட்டுரோட்டு டீக்கடைச் சுவரில் வருடா வருடம் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். கம்பெனி பெயர் மாறும், வாசகம் மாறாது. ‘பெண்கள் தேவை. பிளஸ் டூ, டிப்ளமோ. வயது 18 முதல் 25 வரை. உணவு, தங்குமிடம், பஸ் வசதி உண்டு.’ கடைசி வரியை மட்டும்தான் எங்கள் ஊர்ப் பெற்றோர் படிப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். பள்ளிக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தவர்களிடம் வாங்கி வகுப்பில் நானே விநியோகித்திருக்கிறேன். ‘25-க்கு அப்புறம் என்ன?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது என் தப்பு.

போன சித்திரையில் அந்தச் சுவருக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். என் பழைய மாணவி. வயது 27. பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போனவள். ஆறு வருடம் அங்கே இருந்தாள். சர்க்யூட் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்து, சால்டரிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கல்யாணம், குழந்தை என்று மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் மறுபடி வேலை தேடிக் கிளம்பியிருக்கிறாள். ‘வாக்-இன்’ என்கிற நேரடி இன்டர்வியூ நடந்த இடத்தில், உள்ளே இருக்கிற அதிகாரி வரைக்கும் போகவே இல்லை. கேட்டில் ஆதாரை வாங்கிப் பார்த்தவர் பிறந்த வருடத்தின் மேல் விரலை வைத்துவிட்டு, “அக்கா, உங்க வயசுக்கு ஹவுஸ்கீப்பிங்ல கேட்டுப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “டீச்சர், இப்ப அந்த மாதிரி லைன்ல லீடரா நிக்கிற பொண்ணுங்களுக்கு வேலை கத்துக் குடுத்ததே என் செட்டுதான். எனக்குக் கண்ணு போயிடுச்சா, கை போயிடுச்சா?”

இரண்டும் போகவில்லை. லென்ஸுக்கு அடியில் எந்த இடத்தில் விரிசல் ஒளிந்திருக்கும் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியும். புதிதாக வருகிற பதினெட்டு வயதுப் பெண் அதைக் கற்றுக்கொள்ளக் குறைந்தது சில மாதங்களாவது ஆகும். அந்த மாதங்களில் ரிஜெக்ட் ஆகிற பீஸுக்கு நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் அவள் வேண்டாம், புதியவள் வேண்டும் என்கிறீர்கள். ஏன்?

இந்தக் கேள்வியை உங்கள் தரப்பு ஆட்களிடமே கேட்டிருக்கிறேன். கண் பார்வை, விரல் வேகம், நைட் ஷிப்ட், ஹாஸ்டல், லீவு எடுக்காமல் வருவது என்று சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நான் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிகளுக்குப் போய்ப் பாருங்கள். தோலின் விளிம்பில் நூல் பிசகாமல் தையல் ஓட்டுகிறவர்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் எத்தனையோ பேர். எங்கள் பக்கத்திலிருந்து செய்யாறு சிப்காட்டுக்குக் காலணி வேலைக்குப் போகிறவர்களில் என் மாணவிகளின் அம்மாக்களே இருக்கிறார்கள். அம்மாவுக்கு வேலை இருக்கிறது, 27 வயது மகளுக்கு இல்லை என்கிற வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

அப்படியானால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது. வணிகவியல் எடுக்கிறவள் என்பதால் செலவுக் கணக்கு பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணமானவள் பிள்ளை பெறுவாள். 2017-இல் வந்த திருத்தத்தின்படி அவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். இன்னொரு பக்கம், 1981-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது, 480 என்கிற எண் தெரியும். “எனக்கு நானூறு நாள் வந்ததும் பிரேக் குடுத்துட்டாங்க டீச்சர். ஒரு மாசம் கழிச்சு வேற கான்ட்ராக்ட் பேருல மறுபடி கூப்பிட்டாங்க” என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் ஒரே ஆளுக்கு நான்கு கம்பெனி பெயர். அவள் நின்ற லைன் ஒன்றுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடுவது இளமையை அல்ல, கேள்வி கேட்காத வயதை. பதினெட்டு வயதில் முதல் முதலாக ஏ.டி.எம். கார்டைக் கையில் வாங்குகிற பெண், பே ஸ்லிப்பில் பிடித்தம் எதற்கு என்று கேட்க மாட்டாள். 27 வயதில் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவள் கேட்பாள். வயது வரம்பு என்று நீங்கள் போடுகிற கோடு அந்த இடத்தில்தான் விழுகிறது. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டீக்கடைச் சுவரில் எந்த நோட்டீஸிலும் அந்த வரி விடுபட்டதை இதுவரை நான் பார்க்கவில்லை.

இந்தக் கதை புதிதும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அது திருவிழா மாதிரி இருந்தது. பிளஸ் டூ முடித்த பெண்கள் சாரை சாரையாகப் போனார்கள். அதில் என் மாணவிகளும் உண்டு. உச்சத்தில் 8,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். அப்புறம் நோக்கியா மேல் வரி வழக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது, அந்த வழக்கால் சென்னை ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள்.

‘விருப்ப ஓய்வு’. இந்தச் சொல்லை என் அப்பா காலத்தில் ஐம்பது தாண்டியவர்களுக்குச் சொல்வார்கள். இந்தப் பெண்களுக்கு அப்போது 25, 26 வயது. உலகத்தில் அதிகம் விற்ற போன்களைக் கையால் செய்தவர்கள். அடுத்த கம்பெனி வாசலில் அவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி ‘என்ன வேலை தெரியும்’ இல்லை, ‘எந்த வருஷம் பிறந்தீங்க’. ஒருத்தி ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். இன்னொருத்தி தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். சிலர் நூறு நாள் வேலை அட்டையில் பெயரைச் சேர்த்தார்கள். 2019-இல் அந்த வளாகத்தை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று பேப்பரில் செய்தி வந்தபோது, அதை வெட்டி எடுத்துக்கொண்டு ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு முப்பது ஆயிடுச்சு டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பம் கூடப் போடவில்லை. கம்பெனி வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே தன்னைத் தானே வேண்டாம் என்று ஒதுக்கிக்கொள்ள அவளுக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறோம்.

சரி, 25 என்கிற மேல் வரம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். 18 என்கிற கீழ் வரம்பும் சுடுகிறது.

எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பிளஸ் டூ முடிக்கும்போது 18 நிறைந்திருக்காது. பதினேழரை இருக்கும். உங்கள் பஸ் மே மாதம் வரும். பதினெட்டு ஆகாதவர்களைச் சேர்க்க முடியாது என்பீர்கள். அது சரிதான். குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் ஒரு நாள் கூட விட்டுக்கொடுக்காதீர்கள், அதற்கு நான் உங்கள் பக்கம். ஆனால் திரும்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அந்த ஐந்து மாதத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒருத்தி. அக்டோபரில் பிறந்தவள். தோழிகள் ஒன்பது பேர் ஒரே நாளில் பெட்டியோடு பஸ் ஏறினார்கள், இவள் மட்டும் கூட்டுரோட்டிலிருந்து திரும்பி நடந்து வந்தாள். ஜூனில் டவுனில் ரெடிமேட் கடைக்குப் போனாள். ஆவணியில் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். அக்டோபரில் 18 முடிந்தது, அடுத்த மாதம் கல்யாணம். ‘அக்டோபர் இத்தனாம் தேதி வந்து சேர்ந்துகொள்’ என்று ஒரு கடிதம் உங்களிடமிருந்து அவள் கையில் இருந்திருந்தால், அதைக் காட்டி அவள் அப்பாவிடம் நான் பேசியிருப்பேன். என் கையில் காட்ட ஒன்றுமில்லை.

பிறந்த தேதி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எங்கள் பள்ளிக்கூடங்களின் தப்பு. இன்றைக்கு 26, 30 வயதில் இருக்கிறவர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலத்தில், கிராமத்தில் எல்லாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் தலைமையாசிரியரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எங்கள் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் ஊரே மே மாதத்தில் பிறந்த மாதிரி இருக்கும். அந்தத் தேதி மார்க் ஷீட்டுக்குப் போனது, அங்கிருந்து ஆதாருக்குப் போனது. நிஜத்தில் அடுத்த தை மாதம் பிறந்தவளுக்கு, உங்கள் கேட்டில் எட்டு மாத வயது கூடிவிடுகிறது. ‘25 முடிந்துவிட்டது’ என்று நீங்கள் திருப்பி அனுப்புகிற பெண்ணுக்கு உண்மையில் 25 முடியாமலே இருக்கலாம். காதைத் தொட்டுப் பார்த்து எழுதிய ஒரு தேதியை நம்பி ஒருத்தியின் பிழைப்பை முடிவு செய்கிறீர்கள்.

பையன்கள் கதை கொஞ்சம் வேறு. ஐ.டி.ஐ. முடித்த ஒரு ஃபிட்டர் என்னிடம் வருவான், என் மாணவியின் தம்பி. ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்புறம் இன்னொரு இடத்தில் இரண்டு வருடம் ட்ரெய்னி. அப்புறம் மூன்றாவது இடத்தில் மறுபடி ட்ரெய்னி. மூன்று ஐ.டி. கார்டுகளையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறான். இப்போது 25. புதிதாக ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனால் “ஃபிரெஷர்தான் வேணும், உனக்கு வயசு கூட” என்கிறார்கள். நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தால் “ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் வேணும், அப்ரண்டிஸ் ட்ரெய்னி காலமெல்லாம் கணக்குல வராது” என்கிறார்கள். ஏழு வருடமாகக் கிரீஸ் கையோடு இருக்கிறவன் ஒரே வாரத்தில் வயதானவனாகவும் அனுபவம் இல்லாதவனாகவும் ஆகிவிடுகிறான்.

1961-ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டம், அப்ரண்டிஸைத் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுகிறவர் என்றுதான் சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் அதே சட்டத்தில் 2014-இல் ஒரு திருத்தம் வந்தது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் கம்பெனியின் கொள்கை என்ன? நூறு அப்ரண்டிஸ் வந்தால் எத்தனை பேரை வைத்துக்கொள்வீர்கள்? அதை ஒரு தாளில் அச்சடித்து, பையனைச் சேர்க்கிற அன்றைக்கே அவன் அப்பாவிடம் கொடுங்கள். பத்துப் பேரைத்தான் எடுப்பீர்கள் என்றாலும் பரவாயில்லை. தெரிந்தால் அவன் மற்ற வழியைப் பார்ப்பான். ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு வருடத்தைக் கரைத்துவிட்டு வர மாட்டான்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஆலையில் வேலை செய்கிற பெண்கள் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம். அதற்கு முன்னால் 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதை மறக்க முடியாது. ஆனால் கட்டில் தனியாள் கட்டிலாக மட்டுமே இருந்தால், குழந்தையோடு வருகிறவளுக்கு அங்கே இடம் எங்கே? அடுத்த கட்டடத்தில் தொட்டில் போட ஓர் அறை வையுங்கள் என்று தொழில் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஜூனில் கல்யாணமான பெண்களை ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வெளியானபோது, 1976-ஆம் வருடத்துச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆணா பெண்ணா என்று பார்த்து ஒதுக்கினால் கேட்பதற்கு அப்படி ஒரு சட்டம் இருந்தது. வயதைக் காட்டி ஒதுக்கினால் எதை எடுத்துக் காட்டுவது? அரசியல் சாசனத்தில் 15, 16-ஆம் பிரிவுகள் சாதி, மதம், பால், பிறந்த இடம் என்று வரிசையாகச் சொல்கின்றன. அந்த வரிசையில் வயது இல்லை. ‘திருமணமாகாதவர்’ என்று நோட்டீஸில் எழுதக் கூச்சப்படுகிற இடத்தில் ‘25 வரை’ என்று எழுதினால் போதும், அதே வேலை நடந்துவிடுகிறது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழைப்பில் ‘18 முதல் 35 வயது வரை’ என்று போட்டிருக்கும். அதை நம்பி முப்பது வயதுப் பெண் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வருவாள். உள்ளே ஒவ்வொரு மேசையிலும் 25 என்பார்கள். மத்தியானம் கொடுக்கிற சாம்பார் சாதத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவாள். அழைப்பில் போட்ட வயதுக்குக் கீழே வரம்பு வைக்கிற கம்பெனிக்கு முகாமில் மேசை கிடையாது என்று ஒரு உத்தரவு போட அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நோட்டீஸிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். கண் முக்கியம் என்றால் கண்ணைச் சோதியுங்கள். விரல் முக்கியம் என்றால் ஒரு போர்டைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள். நைட் ஷிப்ட் வர முடியுமா என்று நேராகக் கேளுங்கள், முடியாது என்றால் அவளே சொல்வாள். ஏற்கெனவே லைனில் வேலை செய்துவிட்டு நின்றுபோனவர்களுக்கு ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள், அவர்களைப் புதியவர்கள் சம்பளத்தில் உட்கார வைக்காதீர்கள். பதினேழரை வயதுப் பெண்ணுக்குச் சேர்கிற தேதி போட்ட கடிதம் கொடுங்கள். உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. மாதா மாதம் டார்கெட், நின்றுபோகிறவர்களுக்குப் பதிலாக ஆள் தேடுகிற தலைவலி, மேலே இருந்து வருகிற போன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பாதி லைன் காலியாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்த, கடன் கட்ட வேண்டிய, ஊரை விட்டு எங்கேயும் போக முடியாத 28 வயதுப் பெண்தான் ஐந்து வருடம் அசையாமல் அந்த இடத்தில் நிற்பாள். ஒரு லைனில் மட்டும் வைத்துப் பாருங்கள், ஆறு மாதம் போதும்.

வருகிற மே மாதம் உங்கள் ஆட்கள் வழக்கம்போல எங்கள் பள்ளிக்கு வருவார்கள். இந்த வருடப் பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலை நானே எடுத்துக் கொடுப்பேன். கூடவே இன்னொரு பட்டியலும் என்னிடம் இருக்கிறது. என் பழைய மாணவிகள் பதினோரு பேர். 26 வயதிலிருந்து 31 வரை. ஒவ்வொருவரும் எத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார்கள், ஷிப்ட் வர முடியுமா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். பஸ் நிற்கிற கூட்டுரோட்டிலிருந்து எல்லாருடைய வீடும் நடக்கிற தூரம்தான். நோட்டீஸை என் கையில் கொடுக்கும்போது, அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகும்படி அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியை,
வந்தவாசி வட்டம்